ஃப்யூச்சுரா 75 விதை திண்டுக்கல்லுக்கு ஒத்துவருமா?

ஃப்யூச்சுரா 75 விதையை வரவழைத்து, இரண்டு ஏக்கரில் நாருக்காக விதைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அது பிரான்ஸில் உருவாக்கிய ஹெம்ப் ரகம், அதாவது நாருக்காக வளர்க்கும், போதை குறைந்த கஞ்சா வகை. ஒரே செடியில் ஆண், பெண் பூ இரண்டும் வரும், அங்கே பருவத்தின் பிற்பகுதியில்தான் முதிரும். கோடையில் பகல் நீண்டு கிடக்கும்வரை பூக்காமல் தண்டு ஓங்கி வளர்வதால்தான் நீளமான நார் கிடைக்கிறது. திண்டுக்கல்லில் ஜூனிலும் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டாது. செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும், அப்புறம் நாருக்கு எங்கே போவது? நெருக்கி விதைத்தால் கிளை குறையுமே தவிர, சீக்கிரம் பூப்பது நிற்காது.

இதைவிடப் பெரிய கவலை சட்டம். போதை குறைந்த ரகம் என்று விதை விற்பவர் சொல்வது இங்கே காப்பாற்றாது. 1985 போதைப்பொருள் சட்டத்தில் அதுவும் கஞ்சாச் செடிதான். அனுமதியில்லாமல் பயிரிட்டால் 10 ஆண்டுவரை சிறை. நார், விதைக்காக அரசு தனி உத்தரவால் அனுமதிக்கலாம் என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. உத்தராகண்டில் உரிமம் தருவது அந்த வழியில்தான்.

நார்தான் நோக்கம் என்றால் சணப்பு போடுங்கள். பயறுக் குடும்பம், வேர் முடிச்சில் தழைச்சத்து சேரும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் பசுந்தாள் உரம்; காய் பிடிக்கும்வரை விட்டு அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் நார். ஆனால் தண்ணீர் தேங்கும் வயலில் போடாதீர்கள்.