பிறப்புச் சான்றிதழில் நேரடியாகப் பெயர் போட்டால் அது தத்து ஆகாது

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடங்களாகக் குழந்தை இல்லை. எனக்கு 41 வயது, மனைவிக்கு 38. தெரிந்த நர்ஸ் ஒருவர், கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம், சான்றிதழிலேயே உங்கள் பெயரைப் போட்டுக் குழந்தையைத் தந்துவிடலாம் என்று சொல்லிப் பணம் கேட்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பெறாதவரைப் பெற்றவர் என்று எழுதினால் அது பொய் ஆவணம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 81-ன்படி குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் 5 ஆண்டு வரை கடுங்காவல், கூடவே ஒரு லட்சம் அபராதம். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ஊழியரே செய்தால் 3 முதல் 7 ஆண்டு, இதை அந்த நர்ஸ் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது வருடம் கழித்துச் சொத்துத் தகராறில் பங்காளி ஒருவர் டிஎன்ஏ சோதனை கேட்டால் அந்தப் பிள்ளை எதைக் காட்டும்? நீங்கள் பெறவும் இல்லை, சட்டப்படி தத்தெடுக்கவும் இல்லை.

நீங்கள் இந்துவாக இருந்தால் 1956-ம் ஆண்டு தத்துச் சட்டப்படி பெற்ற தாயே நேரில் குழந்தையைக் கொடுக்க, மனைவியின் சம்மதத்தோடு நீங்கள் வாங்கி, பத்திரத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் அதற்காகப் பணம் கைமாறினாலே குற்றம். அண்ணன் பிள்ளையைத் தத்தெடுப்பது மாதிரியான விஷயங்களுக்கு இது நல்ல வழி, முகம் தெரியாத தாய்க்கும் உங்களுக்கும் நடுவில் ஒருவர் விலை பேசும்போது இல்லை. அந்தப் பெண்ணுக்குக் குழந்தையை வளர்க்க முடியாது என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம், மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் குழந்தை உங்களிடம் வராது, தத்தெடுக்கப் பதிவு செய்து வரிசையில் காத்திருப்பவருக்குத்தான் போகும். கசக்கத்தான் செய்யும், ஆனால் அதுதான் நியாயம்.

சரி, உங்களுக்கான வழி காரா எனும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்வது, எந்த மதத்தவரும் செய்யலாம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நிலை எல்லாம் விசாரிப்பார். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமானால் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக்கூடாது. உங்களுடையது 79, பதிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் இரண்டிரண்டாக ஏறும். கைக்குழந்தைக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். நாலு வயது வரை பரவாயில்லை என்றால் வரம்பு 90. கடைசியில் வரும் தத்து உத்தரவை முன்பு நீதிமன்றம் தந்தது, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். அதை வைத்து உங்கள் இருவர் பெயரிலும் பிறப்புச் சான்றிதழ் முறையாகவே கிடைக்கும்.

நர்ஸிடம் முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் அதைத் திரும்பக் கேட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்காமல், முதலில் ஒரு கிரிமினல் வக்கீலை நேரில் பாருங்கள்.