காலண்டர் தாளில் இருந்தது, பயோவில் இல்லை

அண்ணே, சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்து போனதிலிருந்து அந்தத் தாள் என் மேஜை மேல்தான் கிடக்கிறது. லிங்க்ட்இன்னில் போடுவதற்காக உங்கள் மச்சான் பெங்களூரில் உட்கார்ந்து சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயோ, அதாவது பாப்பாவைப் பற்றிய அறிமுகக் குறிப்பு. பி.எஸ்சி. முடித்ததும் அவளை எம்.பி.ஏ.வில் சேர்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். நீங்கள் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்தீர்கள். "இதுல தப்பு ஏதும் இருக்கா சார்?" என்றீர்கள். "இங்கிலீஷ் சுத்தமா இருக்குண்ணே, பயப்படாதீங்க" என்றேன். இங்கிலீஷைப் பற்றி மட்டும்தான் அப்போது பேசினேன். மற்றதை இப்போது சொல்கிறேன்.

அந்தத் தாளில் இருப்பது உங்கள் மகள் இல்லை. 'பேஷனேட்', 'டைனமிக்', 'ரிசல்ட்ஸ் டிரிவன்', 'ஆஸ்பயரிங் பிசினஸ் லீடர்' என்று நான்கு வரி ஓடுகிறது. பெயரை எடுத்துவிட்டு எதிர்வீட்டுப் பையன் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்காது. என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமில் பாப்பா சாம்பார் வைத்தாள். அதை 'சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்குத் தலைமை தாங்கினார்' என்று எழுதி வைத்திருக்கிறது. நேர்முகத் தேர்வில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன திட்டம், எத்தனை பேரை வழிநடத்தினீங்க?" என்று கேட்டால் இவள் சாம்பாரைப் பற்றியா பேசுவாள்?

மெஷினைத் திட்டிப் பயனில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து அடுக்குவதுதான் அதன் வேலை. 'பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அடுத்து எம்.பி.ஏ., நல்ல பயோ வேணும்' என்று ஒரு வரி கொடுத்தால், ஊரில் எல்லோரும் எழுதுவதைத்தான் அது திருப்பித் தரும். விவரம் போதாத இடத்தைத் தானாகவே நிரப்பும். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'டெல்வ்' என்ற ஒரே சொல் திடீரென்று பெருகியதைக் கணக்கெடுத்தே காட்டினார்கள். பேராசிரியர்களுக்கே அந்தக் கதி. ஆள் எடுக்கிறவர்கள் ஒரு நாளில் எத்தனை 'பேஷனேட்'டைப் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள்.

நீங்கள் டீ குடிக்கப் போன முக்கால் மணி நேரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. பாப்பாவின் போனிலேயே அதே சாட்பாட்டைத் திறந்து, தமிழில் இப்படிப் போடச் சொன்னேன்: 'எனக்காக இப்போதைக்கு எதுவும் எழுதாதே. என்னிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. பெரிய வார்த்தை வேண்டாம்.' ஆதார், பதிவு எண், போன் நம்பர் எதையும் அதில் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். முதல் மூன்று கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். நான்காவதாக, 'நீங்களாகவே கவனித்துச் சரிசெய்த ஒரு சிக்கல் எது?' என்று வந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் விரல் நிற்கவில்லை.

கப்பலூரில் நீங்கள் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுவந்தவள், அப்படியே உட்கார்ந்து மூடி பொறுக்கித் தரம் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் பிதுங்கும் ஃபிளாஷ் எது, அச்சு நிரம்பாத ஷார்ட் ஷாட் எது, குழி விழும் சிங்க் மார்க் எது என்று உங்களிடமே கற்றிருக்கிறாள். ஐப்பசி மழையில் நைலான் உருப்படியில் மட்டும் வெள்ளிக்கோடு விழுகிறது, பாலிபுரோப்பிலீனில் விழவில்லை என்று கவனித்து, மழை பெய்த தேதியையும் கழிவுத் தட்டு எண்ணிக்கையையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் என்று கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்ததும், தானாவை, அதாவது மூலப்பொருள் குருணையை, மெஷினின் ஹாப்பரில் கொட்டுவதற்கு முன் 80 டிகிரியில் உலர்த்திப் பார்க்கலாமே என்று முதலாளியிடம் சொன்னதும் இவள்தான். நீங்கள் அதை என்னிடம் சொல்லவில்லை. மச்சானிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. இருபது வருடம் அந்த மெஷின் சூட்டில் நின்றவருக்கு, மகள் அந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் தோன்றும். ஆனால் நீங்கள் மறைத்து வைத்ததுதான் அவளிடம் இருக்கும் உருப்படியான சரக்கு. அதை விட்டுவிட்டு எழுதியதால்தான் பயோ 'பிசினஸ் லீடர்' என்று போனது. 'பயோவே சொல்லுதுல்ல, எம்.பி.ஏ.தான்' என்று மச்சான் அதையே சாட்சிக்கு இழுக்கிறார். அவரே கேட்டு வாங்கிய வாக்குமூலம் அது!

எம்.எஸ்சி., பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்கள் தெருவிலேயே நாலு பேர் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது சிபெட், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் சொல்லித் தரும் மத்திய அரசு நிறுவனம்.

1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மத்திய அரசு சென்னையில் தொடங்கியது. தலைமையகம் கிண்டியில். ரசாயனம், உரத்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மதுரையிலேயே ஒரு மையம் இருக்கிறது. பக்கத்துவீட்டுக்காரர் 'பிளாஸ்டிக் காலேஜா?' என்று சிரிப்பார், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்று வருட டிப்ளமோக்கள் உண்டு. பாப்பாவுக்குப் பொருந்துவது அறிவியல் பட்டதாரிகளுக்கான இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ, பிளாஸ்டிக்ஸ் பிராசஸிங் அண்ட் டெஸ்டிங். சேர்க்கைக்கு அவர்களே நுழைவுத்தேர்வு வைக்கிறார்கள்.

அங்கே என்ன சொல்லித் தருவார்கள் என்பதை உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரே அச்சில் பாலிபுரோப்பிலீன் மூடி ஓட்டினால் டப்பாவில் சரியாக உட்காரும், ஏ.பி.எஸ். என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைப் போட்டால் உட்காராது. முன்னது ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் வரை சுருங்கும், பின்னது அரை சதவீதத்தை ஒட்டித்தான் சுருங்கும். அச்சு வெட்டும்போதே இந்தக் கணக்கு வேண்டும். மூட்டை மாறினால் மெஷின் செட்டிங் மாறுகிறது என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்களே, அதற்கும் ஒரு சோதனை உண்டு. பாலிபுரோப்பிலீன் தானா என்றால் 230 டிகிரியில் உருக்கி, 2.16 கிலோ எடையால் அழுத்தி, பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று பார்ப்பார்கள். எம்.எஃப்.ஐ. (மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ்) என்று மூட்டையில் அச்சடித்திருக்கும் எண் அதுதான். இழுத்துப் பார்ப்பது, அடித்து உடைத்துப் பார்ப்பது, பி.வி.சி. தண்ணீர்க் குழாய்க்கு ஐ.எஸ். 4985 என்ற இந்தியத் தர முத்திரை வாங்க அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது எல்லாம் ஆய்வகத்து வேலை. கார் பம்பரும் சிரிஞ்சும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற இடத்தில் எல்லாம் இந்தக் கை தேவை. ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை என்று ஊருக்கும் பஞ்சமில்லை.

இதிலும் குறை உண்டு. முதல் வருடங்களில் சம்பளம் சுமார்தான். ஷிஃப்ட் இருக்கும். பட்டறைப் பக்கமே போகாமல் ஆய்வகத்தில் மட்டும் இருப்பேன் என்றால் நடக்காது. பாப்பாவிடம் இதையும் சொன்னேன். "பட்டறைதான சார் பிடிக்கும்" என்றாள். அந்த வார்த்தைக்கு மேல் வேறு யாரும் பேச வேண்டியதில்லை என்பது என் கட்சி.

இப்போது பணம். எம்.பி.ஏ.வுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் எட்டு லட்சம் என்றீர்கள், ஹாஸ்டல் தனி. எட்டு லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் கடனாக வாங்கினால், தவணை தொடங்குவதற்கு முன்பே மாதம் 7,000 ரூபாய் வட்டி ஏறும். அந்த வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டாலும், அப்புறம் பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 10,800. மொத்தம் பதின்மூன்று லட்சத்தை நெருங்கும். எந்தக் கம்பெனி வருகிறது, எத்தனை பேரை எடுத்தார்கள், என்ன சம்பளம் என்று அந்தக் கல்லூரி எழுதிக் கொடுக்குமா? கேட்டுப் பாருங்கள். எழுதித் தராத வரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அண்ணி நகையை அடகு வைக்கும் பேச்சு இனி வேண்டாம். தாய்மாமனுக்குச் சீர் செய்ய உரிமை உண்டு. தவணை கட்டப் போவது நீங்கள்.

பயோவைத் திரும்ப எழுதினோம். லிங்க்ட்இன் 2,600 எழுத்து வரை இடம் தருகிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை. தமிழில் அவள் சொன்னதை இங்கிலீஷாக்க மட்டும் சாட்பாட்டைப் பயன்படுத்தினோம். அப்போதும் 'உற்பத்தித் திறனைப் புரட்சிகரமாக உயர்த்தினார்' என்று ஒரு வரியை நுழைக்கப் பார்த்தது, அடித்துவிட்டாள். மிஞ்சியது இதுதான்:

'மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறை ஒன்றில் ஞாயிறுகளில் தரம் பார்க்கிறேன். மழை நாட்களில் நைலான் உருப்படிகளில் வெள்ளிக்கோடு விழுவதைத் தேதிவாரியாகக் குறித்தேன்; மூலப்பொருளை உலர்த்திய பிறகு ஒரு ஷிஃப்டின் கழிவு இரண்டு தட்டிலிருந்து அரைத் தட்டாகக் குறைந்தது. பிளாஸ்டிக் சோதனைத் துறையில் படிக்க விரும்புகிறேன்.'

இதில் எந்த வரியைக் கேட்டாலும் அவளால் அரை மணி நேரம் பேச முடியும். அந்த இரண்டு தட்டு, அரைத் தட்டுக் கணக்கை மட்டும் நீங்கள் ஒருமுறை பட்டறையில் சரிபார்த்துச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்லியிருந்தால் குறைத்துவிடலாம்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்தக் காலண்டர் தாள்களையும் எடுத்துவரச் சொல்லுங்கள், நுழைவுத்தேர்வு விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பலாம். மச்சான் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேசச் சொல்லுங்கள்.