டிபிகேஜி பிறந்த கதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உபுண்டுவில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் மென்பொருள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இந்த வசதி வருவதற்கு முன் லினக்ஸில் எப்படி நிறுவினார்கள்? இதை யார் தொடங்கினார்கள்?

நீங்கள் சொல்லும் வசதியின் அடியில் இருப்பது டிபிகேஜி. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புக்காக எழுதப்பட்ட, மென்பொருளை நிறுவி நீக்கும் கருவி அது. உபுண்டு டெபியனிலிருந்து வந்ததுதான். அதற்கு முன், மூலநிரலை டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) வாங்கி, பிரித்து, கம்பைல் செய்து (கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றி), 'மேக் இன்ஸ்டால்' என்று கொடுப்போம். நிரல் ஓரிடத்துக்கும், மேனுவல் பக்கம் வேறிடத்துக்கும், லைப்ரரி (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைநிரல்) இன்னோர் இடத்துக்கும் போய்ச் சேரும். எது எங்கே போனது என்று கணினி குறித்து வைக்காது. நான் கணினிப் பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில் எங்கள் மூத்த சகா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். நிறுவிய ஒவ்வொரு கோப்பும் எங்கே இருக்கிறது என்று அதில் கையால் எழுதுவார். பழைய பதிப்பை எடுக்க வேண்டுமென்றால் அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அழிப்பார். நோட்டில் விட்டுப்போனது வட்டிலேயே கிடக்கும்.

1993-இல் புழக்கத்தில் இருந்த எஸ்எல்எஸ் என்ற லினக்ஸ் தொகுப்பின் குறைகள் பலரையும் வாட்டின. அதனால் இருவர் ஒரே கோடையில் தனித்தனியே கிளம்பினார்கள். ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸைத் திருத்தி ஸ்லாக்வேர் என்று வெளியிட்டார். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயன் மர்டாக் ஆகஸ்ட் 16-ஆம் தேதி டெபியனை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 20.

ஒரே ஆள் எல்லாவற்றையும் கட்டித் தரும் தொகுப்பாக டெபியன் இருக்கக் கூடாது, ஆளுக்கொரு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி) என்று பல தன்னார்வலர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்பது மர்டாக்கின் எண்ணம். டிபிகேஜி அந்த எண்ணத்திலிருந்து வந்தது. முகம் பார்க்காத இரண்டு பேர் செய்த பேக்கேஜ்கள் ஒரே கணினியில் மோதாமல் இருக்க வேண்டுமானால், எந்தக் கோப்பு யாருடையது என்று பதிவு வேண்டும். ஒருவருடைய கோப்பின் மேல் இன்னொருவருடையது எழுதப்படாமல் தடுக்க ஆள் வேண்டும். அந்தப் பதிவாளராகவும் காவலாளாகவும் எழுதப்பட்டதுதான் டிபிகேஜி. கோப்பை நகலெடுக்க டார் போதும். பதிவு வைப்பதைத்தான் நான் பெரிய விஷயம் என்பேன்.

கேள்வி: டிபிகேஜியை முதலில் ஷெல்லிலும், பிறகு பெர்லிலும், கடைசியில் சி மொழியிலும் எழுதினார்கள் என்று படித்தேன். முதலிலேயே சரியாகத் திட்டமிட்டிருக்கக் கூடாதா?

1994 ஜனவரியில் மர்டாக் எழுதியது ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய நிரல். பின்னர் மேட் வெல்ஷ், கார்ல் ஸ்ட்ரீட்டர் ஆகியோருடன் சேர்ந்து அதை பெர்லுக்கு மாற்றினார். அதன் பின் இயன் ஜாக்சன் முக்கியப் பகுதியை சி-யில் புதிதாக எழுதினார். இரண்டு இயன்களும் வேறு வேறு ஆட்கள்; பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதைத் திட்டமிடாததன் விளைவு என்று நான் பார்க்கவில்லை. என்ன வேண்டும் என்பதே எழுதி, பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் தெரியும். ஷெல்லில் ஒரு யோசனையைச் சீக்கிரம் சோதித்துவிடலாம். ஆனால் நிறுவும் கருவிக்கு என்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: அது எந்த மொழியின் மேல் நிற்கிறதோ, அந்த மொழியையே ஒருநாள் மேம்படுத்த வேண்டி வரும். பெர்லில் எழுதிய கருவி பெர்லை மாற்றும்போது பாதியில் நின்றால், மீதியை முடிக்கக் கருவியே இருக்காது. பிளாப்பியிலிருந்து கணினியைக் கிளப்பிய காலத்தில் பெர்லுக்கு இடம் ஒதுக்குவதும் சுமை. சி-யில் எழுதினால் அடித்தளம் சிறியது. சி லைப்ரரியையும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அதற்காகத்தான் 'ப்ரீ டிபெண்ட்ஸ்' என்ற கண்டிப்பான சார்பு (ஒரு பேக்கேஜுக்கு இன்னொன்று தேவை என்ற குறிப்பு) இருக்கிறது. குறிப்பிட்ட லைப்ரரி முழுமையாக நிறுவப்பட்ட பிறகே இந்தப் பேக்கேஜைப் பிரிக்கத் தொடங்கு என்று அது சொல்கிறது.

பெர்லை அடியோடு விட்டுவிடவில்லை. பேக்கேஜ் கட்டுபவர்களுக்கான துணைக் கருவிகள் இன்றும் பெர்லில்தான் இருக்கின்றன. அவை உடைந்தால் கணினி படுக்காது.

கோப்பு வடிவமும் இதே காலத்தில் மாறியது. டிபிகேஜி நிறுவும் பேக்கேஜ் 'டெப்' என்ற கோப்பாக வரும். பழைய டெப் கோப்பில் பதிப்பு எண் ஒரு வரி, நீளம் ஒரு வரி, அதன் பின் சுருக்கிய இரண்டு டார்கள் ஒட்டிக்கொண்டு வரும். புதியது, டார் போலவே கோப்புகளை ஒன்றாகக் கட்டும் சாதாரண 'ஏஆர்' காப்பகம். உள்ளே மூன்றே உறுப்புகள்: '2.0' என்று எழுதிய சின்னக் கோப்பு, பேக்கேஜ் பற்றிய விவரங்கள் கொண்ட டார், நிறுவ வேண்டிய கோப்புகள் கொண்ட டார். டிபிகேஜியே கெட்டுப்போன கணினியிலும் ஏஆரும் டாரும் இருந்தால் டெப் கோப்பைக் கையால் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். இப்படி மீட்ட கணினிகளை நானே பராமரித்திருக்கிறேன். அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இன்றும் மனதார நன்றி சொல்கிறேன்.

கேள்வி: அப்டேட் நடக்கும்போது திடீரென்று நின்று, 'இந்த கான்ஃபிக் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது, என்ன செய்ய?' என்று கேட்கிறது. எரிச்சலாக இருக்கிறது. அதுவே முடிவெடுத்துக்கொள்ளக் கூடாதா?

முக்கால்வாசி நேரம் அதுவே முடிவெடுக்கிறது. உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கான்ஃபிக் கோப்பு என்றால் மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்புகள் உள்ள கோப்பு. டிபிகேஜி மூன்றை ஒப்பிடுகிறது: சென்ற முறை பேக்கேஜோடு வந்த கோப்பு, இப்போது உங்கள் கணினியில் இருக்கும் கோப்பு, புதிய பேக்கேஜில் உள்ள கோப்பு. சென்ற முறை வந்ததன் எம்டி5 கூட்டுத்தொகையை (கோப்பின் கைரேகை போன்ற எண்) தன் பதிவான 'ஸ்டேட்டஸ்' கோப்பில் முன்பே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் கை வைக்கவில்லை என்றால் புதியதைச் சத்தமில்லாமல் போட்டுவிடும். நீங்கள் மாற்றியிருந்து, பேக்கேஜ்காரர் மாற்றவில்லை என்றால் உங்களுடையதைத் தொடாது. இரு தரப்பும் மாற்றியிருந்தால் மட்டுமே கேள்வி வரும். அப்போதும் வெறுமனே என்டர் தட்டினால் உங்கள் கோப்புதான் நிலைக்கும். புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் கிடக்கும். புதியதை ஏற்றால் உங்களுடையது 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற வாலோடு பத்திரமாக இருக்கும். நீங்கள் வேண்டுமென்றே அழித்த கான்ஃபிக் கோப்பைக் கூட, 'இதுவும் அவர் செய்த மாற்றம்தான்' என்று எடுத்துக்கொண்டு திரும்பப் போடாது.

எனக்கு டிபிகேஜியில் மிகப் பிடித்த இடம் இது. மெயில் சர்வர் ஒன்றின் அமைப்பை நாள்கணக்கில் செதுக்கியவருக்குத் தெரியும், அந்தக் கோப்பு காணாமல் போனால் என்ன ஆகும் என்று. பேக்கேஜை நீக்கினால்கூட கான்ஃபிக் கோப்புகள் தங்கிவிடும். 'பர்ஜ்' என்று தனியாகச் சொன்னால்தான் போகும். கணினி உங்களுடையது, பேக்கேஜ்காரர் விருந்தாளி என்ற மரியாதை இதில் இருக்கிறது. எனவே கேள்வி வரும்போது 'டி' அழுத்தி வித்தியாசத்தைப் படியுங்கள். அந்த ஒரு நிமிடம் வீண் அல்ல.

கேள்வி: ஆர்பிஎம் சிறந்ததா, டெப் சிறந்ததா?

இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆர்பிஎம் என்பது ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தின் பேக்கேஜ் கருவி. அங்கே மார்க் யூயிங், எரிக் ட்ரோன் இருவரும் அதை எழுதினார்கள். அதுவும் முதலில் பெர்ல், பிறகு சி. மூல ஆசிரியர் வெளியிட்ட நிரலை அப்படியே வைத்து, தங்கள் திருத்தங்களைத் தனி பேட்ச்களாக (மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்புகளாக) வைக்கும் வழக்கத்தை முன்னோடியான பிஎம்எஸ் கருவியிலிருந்து எடுத்து வளர்த்தார்கள். அருமையான யோசனை அது.

கேள்வி: டிபிகேஜி இருக்கும்போது ஆப்ட் எதற்கு?

டிபிகேஜி கையில் கொடுத்த பேக்கேஜை மட்டும் பார்க்கும். அதற்குத் தேவையான இன்னொன்று இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லுமே தவிர, போய் எடுத்துவராது. ஆரம்பத்தில் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு டிசெலக்ட் என்ற திரை இருந்தது, பழகுவது கடினம். 1996 ஜூனில் டெபியன் 1.1 வந்தபோது பேக்கேஜ்கள் 474. 1999 மார்ச்சில் 2.1 வந்தபோது ஏறக்குறைய 2,250. இத்தனை சார்புகளையும் மனிதர் கணக்குப் போட முடியாது. தேவையானவற்றைத் தானே கணக்கிட்டு எடுத்துவருவது ஆப்ட். 1998-இல் எழுதத் தொடங்கிய அது, அந்த 2.1-இல் எல்லோர் கைக்கும் வந்தது. இன்றும் கடைசியில் கோப்பை வைப்பதும் எடுப்பதும் டிபிகேஜிதான்.

கேள்வி: நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்?

பயப்பட வேண்டாம். புதிய கோப்பு முதலில் 'டிபிகேஜி-நியூ' என்ற வாலோடு எழுதப்பட்டு, முழுசாக வந்த பிறகே பெயர் மாற்றப்படும். யூனிக்ஸில் பெயர் மாற்றம் என்பது ஒரே அடி. பாதி மாறியது என்று இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் 'பாதி நிறுவியது', 'பிரித்தது', 'பாதி அமைத்தது' என்று நிலையை முன்கூட்டியே எழுதிவிடும். மின்சாரம் வந்ததும் டிபிகேஜியை 'கன்ஃபிகர்' விருப்பத்துடன், எல்லாவற்றுக்கும் என்று சொல்லி ஓட்டினால், பிரித்து முடித்து அமைக்காமல் நின்றவற்றை முடிக்கும். பிரிக்கும்போதே நின்றது இருந்தால் அந்தப் பேக்கேஜை மட்டும் மறுபடி நிறுவச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டாகச் சின்னதாக ஒரு பேக்கேஜ் கருவி எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

நல்ல தேர்வு. இணைய இறக்கம், அழகான திரை எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். முதலில் 'நீக்கு' கட்டளையை எழுதுங்கள். அதை எழுத உட்கார்ந்தவுடன், நிறுவும்போது எதையெல்லாம் குறித்திருக்க வேண்டும் என்பது தானே பட்டியலாக வரும். பதிவை, டிபிகேஜியைப் போல, கண்ணால் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பில் வையுங்கள். பிழை தேடும்போது எடிட்டரில் திறந்தாலே பாதி விடை கிடைக்கும். அடுத்து, ஒரே கோப்பை இரண்டு பேக்கேஜ்கள் கொண்டுவரும்படி நீங்களே செய்து பாருங்கள். அப்புறம் நிறுவும் நடுவில் நிரலைக் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். சார்புகளை அதற்குப் பிறகு தொட்டால் போதும்.