கதவுக்கு வெளியே பதினைந்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

பதின்வயதில் வரும் நீண்ட நோய்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். "பதினாறு வயதுப் பிள்ளைக்கு மருத்துவமனையில் சரியான நாற்காலி கிடையாது. குழந்தைகள் பிரிவில் முட்டி இடிக்கும், பெரியவர்கள் பிரிவில் கால் எட்டாது" என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என் மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது பதினாறு முடிந்துவிட்டது. ஒன்பது வருடமாக இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அவளுக்குச் சர்க்கரை பார்க்கிறேன். எந்த நாளில் எத்தனை யூனிட் இன்சுலின் போட்டோம் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஒரு வருடமாகத்தான் எதுவும் கட்டுக்குள் இல்லை. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.6 இருந்தது 10.1 ஆகிவிட்டது. ஆளும் மெலிந்துகொண்டே போகிறாள். கேட்டால் "ஊசி போட்டுட்டேன்" என்கிறாள். அதற்கு மேல் கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

போன மாதம் புதிதாக வந்த மருத்துவர், "நீங்க கொஞ்சம் வெளியே இருங்கம்மா" என்றார். பதினைந்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. என்ன பேசினீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். "அது எங்களுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றார். ஒன்பது வருடம் பார்த்துக்கொண்ட எனக்குத் தெரியக் கூடாதது, நேற்று வந்த ஒருவருக்குத் தெரியலாமா? கிளம்பும்போது நர்ஸ் வேறு, பதினெட்டு முடிந்ததும் இங்கே வர முடியாது, பெரியவர்கள் பிரிவுக்குப் போக வேண்டும் என்கிறார். அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்?

இரவு அலாரத்தையே நிறுத்திவிடலாமா என்றுகூடக் கோபத்தில் தோன்றுகிறது.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் அந்த மருத்துவர் பக்கம்தான். அவர் செய்த விதத்தில் ஒரு குறை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மருத்துவன் அல்ல. பதினான்கு வயதில் வலிப்பு வந்து இன்றுவரை மாத்திரை விழுங்குகிறவன். அந்தத் தகுதியில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். அதில் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு.

எனக்கு வந்த முதல் இரண்டு வலிப்பையும் அம்மா பார்த்தாள். அதனால் மருத்துவர் கேட்பதும் அம்மாவிடம், பதில் சொல்வதும் அம்மா. நுரை தள்ளியதா, எத்தனை நிமிடம், நாக்கைக் கடித்தானா. பழுது பார்க்கக் கொண்டுவந்த கடிகாரம் மாதிரி நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார், இரண்டு வருடம் சாப்பிட்டேன். அந்த நாட்களில் காலையில் பல் துலக்கும்போது கை தானாக வெட்டி இழுக்கும், பிரஷ் எகிறிப் போய் விழும். ஸ்பூனும் அப்படித்தான். வீட்டில் அதற்குப் பெயர் கவனக்குறைவு. நானும் அப்படியே நம்பினேன். மாத்திரை தொடங்கியபின் உதறல் கூடியது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினாறு வயதில் வேறொரு மருத்துவர் அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "காலையில் கையில் இருக்கிற சாமான் தானாக விழுமா?" நான் வாயைப் பிளந்தேன். அடுத்த கேள்வி, "ராத்திரி உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்?" பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணிவரை விழித்திருப்பது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். ஜுவனைல் மையோக்லோனிக் எபிலெப்ஸி என்று அந்த வலிப்புக்குப் பெயர். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். காலை உதறல்தான் அடையாளம். தூக்கம் கெட்டால் கிளம்பும். கார்பமசிபைன் மாதிரி சில வலிப்பு மாத்திரைகள் அதைக் கூட்டிவிடக்கூடும். நான் இரண்டு வருடமாகச் சாப்பிட்டதும் கார்பமசிபைன்தான்.

முதல் கேள்வியை அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டிருக்கலாம். இரண்டாவதற்கு அம்மா இருந்திருந்தால் "பத்து மணிக்கே தூங்கிவிடுவான் டாக்டர்" என்று பதில் வந்திருக்கும். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பதினைந்து நிமிடத்தில் என்ன கேட்பார்கள் என்பது ரகசியம் ஒன்றும் இல்லை. பதின்வயதினரைப் பார்க்கிற மருத்துவர்கள் 1970-களிலிருந்தே ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹெட்ஸ்' என்பார்கள். வீடு எப்படி இருக்கிறது, படிப்பு எப்படிப் போகிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, பொழுது எப்படிப் போகிறது என்று ஆரம்பித்து சிகரெட், மது, போதை, காதல், உடலுறவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், யாராவது துன்புறுத்துகிறார்களா என்பது வரை போகும். எளிதானது முதலில், கனமானது கடைசியில். அம்மா பக்கத்தில் இருந்தால் நான்காவது கேள்விக்கு மேல் உண்மை வராது. நீங்களும் நானும் பதினாறு வயதில் அப்படித்தான் இருந்திருப்போம்.

இதெல்லாம் சர்க்கரை மருத்துவருக்கு எதற்கு? வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள்ளும், முக்கால் பங்கு இருபத்து நான்கு வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. உலக அளவில் 15 முதல் 29 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்குக் காரணமானவற்றில் மூன்றாம் இடத்தில் இருப்பது தற்கொலை. இந்த வயதில் மருத்துவமனைப் பக்கமே வராத பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் மகள் மாதிரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற பிள்ளையிடமாவது ஒருவர் கேட்டுவிடுவது நல்லது.

சரி, ரகசியத்துக்கு வருவோம். அது முழு ரகசியம் இல்லை. பிள்ளை தன் உயிருக்கு ஆபத்து தேடிக்கொள்கிறது, அல்லது பிறருக்குத் தீங்கு செய்யப் போகிறது, அல்லது பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மருத்துவர் மறைக்க மாட்டார், மறைக்கக் கூடாது. இந்த விதிவிலக்குகளை அம்மா, மகள் இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் உங்களை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நான் சொன்ன குறை இதுதான். அடுத்த முறை நீங்களே கேளுங்கள்: "எந்த மாதிரி விஷயமென்றால் எனக்குச் சொல்வீர்கள்?" இது நியாயமான கேள்வி. ஒழுங்கான மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார்.

இதே சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பதினாறுக்குட்பட்ட பெண்ணுக்குப் பெற்றோருக்குத் தெரியாமல் மருத்துவர் கருத்தடை ஆலோசனை தரலாமா என்று இங்கிலாந்தில் ஐந்து பெண்களின் தாயான விக்டோரியா கில்லிக் வழக்குப் போட்டார். 1985-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதுதான் அளவுகோல் ஆயிற்று. அந்தப் பக்குவத்துக்கே 'கில்லிக் தகுதி' என்று பெயர் வந்துவிட்டது, பாவம், தோற்றவர் பெயரில். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். சிகிச்சைக்குச் சம்மதம் தருவது வேறு, தனியாகப் பேசுவது வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சம்மதக் கையெழுத்து உங்களுடையதாகவே இருக்கும் இடத்திலும் பிள்ளையிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசத் தடை இல்லை.

இதில் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பரிசோதனை முடிவெல்லாம் இப்போது ஃபோன் செயலியில் வந்துவிடுகிறது. பதிவு செய்திருக்கும் எண் பெரும்பாலும் அம்மா அல்லது அப்பாவுடையது. மருத்துவர் வாய்திறக்காமல் காப்பாற்றியதைச் செயலி 'டிங்' என்று சொல்லிவிடும். அதற்குப் பயந்து சில விஷயங்களை எழுதாமலே விட்டால் அடுத்து பார்க்கும் மருத்துவருக்கு எதுவும் தெரியாது. இதற்கு நல்ல விடை எங்கேயும் இன்னும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனி சர்க்கரை. உங்கள் நோட்டில் ஒன்பது வருடக் கணக்கு இருக்கிறது இல்லையா? பருவமடையும் முன் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட்வரை இன்சுலின் போதுமாக இருந்திருக்கும். பருவமடையும் காலத்தில் வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் இன்சுலினை எதிர்த்து வேலை செய்கின்றன. தேவை 1.2 யூனிட்டையும் தாண்டலாம். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் சர்க்கரை ஏறுவதும் உண்டு. ஒரு ஊசிகூடத் தவறாமல் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கும் இந்த வயதில் எண் ஏறும். டைப் 1 உள்ளவர்களில் ஹெச்பிஏ1சி சராசரி உச்சத்துக்குப் போவது பதின்வயதின் கடைசியில்தான். ஆகவே 10.1 என்ற எண்ணைப் பார்த்ததும் "பொய் சொல்கிறாய்" என்று தொடங்காதீர்கள்.

மெலிந்துகொண்டே போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எண் ஏறி எடை இறங்கினால் இன்சுலின் போதவில்லை என்று பொருள். அளவு போதாமல் இருக்கலாம், மறதியாக இருக்கலாம், ஒன்பது வருட அலுப்பாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஊசியைக் குறைத்தால் எடை குறையும் என்று சில பிள்ளைகள், பெண்பிள்ளைகள் அதிகமாக, தாங்களே கண்டுபிடித்து வேண்டுமென்றே ஊசியைத் தவிர்ப்பார்கள். உங்கள் மகள் அப்படிச் செய்கிறாள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அந்த மருத்துவர் கதவைச் சாத்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இதைப் போலீஸ் வேலை பார்த்துப் பிடிக்க முடியாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறுவது என்று வந்தால் மட்டும் யார் ரகசியமும் பார்க்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

பதினெட்டுக்குப் பிறகு என்ன என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதிகமாகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்சுலின் ஊசி முதன்முதலில் போடப்பட்டது 1922 ஜனவரியில், டொரண்டோவில், லியோனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு. சாகக் கிடந்தவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தான். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாவது அபூர்வம். பிறவி இதயக் கோளாறும் அப்படித்தான். சிகிச்சை முன்னேறிய நாடுகளில் அந்தக் கோளாறோடு வாழும் பெரியவர்கள் இன்று குழந்தைகளைவிட அதிகம். பிழைத்தவர்கள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களை வரவேற்க மருத்துவமனை வளரவில்லை. பதின்வயதினருக்கென்று தனிப் பிரிவை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராஸ்வெல் கேலகர் தொடங்கியது 1951-இல். அப்போதிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறோம் என்பதே உயிர்ப் பிரச்சினை ஆன கதை ஒன்று உண்டு. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த 16 முதல் 20 வயதுக்காரர்களை அமெரிக்காவில் சிலர் குழந்தைகள் பிரிவுக்கும், சிலர் பெரியவர்கள் பிரிவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, குழந்தைகளுக்கான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெரியவர்களுக்கான முறையில் பெற்றவர்களில் 46 சதவீதம். அதே நோய், அதே வயது. மருந்துகளின் அளவும் அட்டவணையும்தான் வேறு. அதன் பிறகு இளம் வயதினருக்கும் குழந்தைகளின் முறையையே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சிறுநீரகம் மாற்றியவர்களிடமும் ஒரு தடயம் இருக்கிறது. மாற்றிய சிறுநீரகம் பழுதாகும் அபாயம் மிக அதிகமாக இருப்பது 17 முதல் 24 வயதுக்குள். மாத்திரை தவறுவது ஒரு காரணம். மருத்துவர் மாறுவதும், வீடு மாறுவதும், அம்மா கூட இல்லாமல் போவதும் இதே ஏழெட்டு வருடத்தில்தான். ஒரே நேரத்தில் இவ்வளவையும் மாற்றிவிட்டு, பிள்ளைக்குப் பொறுப்பில்லை என்கிறோம்.

பதினெட்டாம் பிறந்தநாள் அன்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து "அந்தக் கட்டடத்துக்குப் போ" என்பது சிகிச்சை மாற்றம் ஆகாது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதற்கான திட்டத்தை 13 அல்லது 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் மனநல மையங்கள் 12 முதல் 25 வயதுவரை ஒரே இடத்தில் பார்க்கின்றன, பதினெட்டில் கோடு கிழிப்பதில்லை. இதெல்லாம் உங்களுக்குக் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. பெரியவர்கள் பிரிவு மருத்துவரை, இப்போதைய மருத்துவர் இருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிட ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒன்பது வருட வரலாற்றை இரண்டு பக்கத்தில் சுருக்கி எழுதி வாங்குங்கள். கடைசியாக இங்கே பார்க்கும் தேதிக்கும் முதலில் அங்கே பார்க்கும் தேதிக்கும் இடையில் எத்தனை மாதம் என்று கேளுங்கள். பிள்ளைகள் காணாமல் போவது அந்த இடைவெளியில்தான்.

அந்த இரண்டு பக்கத்தை உங்கள் மகளே எழுதட்டும். நோட்டைக் கொடுத்துவிடுங்கள். தப்பாக எழுதினால் மருத்துவர் திருத்துவார். அடுத்த முறை அறைக்குள் போனதும் முதல் பதிலை அவள் சொல்லும்வரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். என் அம்மாவால் முடியவே இல்லை. எனக்கு இருபத்தாறு வயதானபோதும் "டாக்டர், இவன் தூங்கறதே இல்லை" என்று ஃபோனில் மருத்துவரிடம் புகார் சொல்லியிருக்கிறாள். அதில் உண்மையும் இருந்தது.

கடைசியாக அலாரம். கோபத்தில் நிறுத்தாதீர்கள். இரவில் சர்க்கரை இறங்குவது விளையாட்டு இல்லை. உடம்பில் ஒட்டும் சென்சார் வாங்க முடிந்தால் அது தானாகவே எச்சரிக்கும், உங்கள் ஃபோனுக்கும் அனுப்பும். எந்த எண்ணுக்குக் கீழே போனால் அம்மாவை எழுப்ப வேண்டும், எந்த எண்ணை அம்மா பார்க்க வேண்டாம் என்பதை அவளிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் இல்லையென்றால், எந்தெந்த இரவு அவள் எழுந்து பார்ப்பது, எந்த இரவு நீங்கள் எழுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். தேர்வு வாரத்தில் எல்லா இரவும் உங்களுடையது என்று அவள் சொன்னால் பேரம் பேசாதீர்கள்.