சிப்பி பொறுக்குவதெல்லாம் படிப்பா? ஒரு பருவம் முழுக்க என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

உங்கள் மகன் கடலோர அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சட்டைப்பை நிறையச் சிப்பியோடு வருகிறான், நோட்டில் எழுத்தைக் காணோம், வேன் வருகிற தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் வைத்து நடத்துகிறவள் நான். இதே கேள்வியை என் முகத்துக்கு நேரேயும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லா அரசுப் பள்ளியும் ஒழுங்காக நடக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. என் அறையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் பருவம் ஜூனில் தொடங்கும்போது மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருக்காது. பிள்ளைகள் வாயில் அதே பேச்சுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எத்தனை நாள் என்று மூன்றாம் வகுப்பைக் கேட்டேன். கூட்டல் என்றாலே தலையைக் குனிந்துகொள்ளும் ஒரு பையன், விசைப்படகுக்காரர் மகன், முதல் ஆளாக எழுந்தான். "ஏப்ரலில் 15, மேயில் 31, ஜூனில் 14. மொத்தம் 60 டீச்சர்" என்றான். பின்னால் இருந்த பெண் விடவில்லை. "பதினைந்தாம் தேதியே படகைக் கட்டிவிட்டார்களே, அந்த நாளையும் சேர்க்க வேண்டாமா?" நாள்காட்டியை இறக்கி விரல் வைத்து எண்ணினார்கள். ஏப்ரலில் 16, ஆக 61. முப்பதில் பதினைந்தைக் கழித்தால் ஒரு நாள் ஏன் விடுபட்டது என்று அன்று முழுக்கச் சண்டை. நாட்டுப்படகுக்கு மட்டும் ஏன் தடை இல்லை என்ற கேள்வியும் அதிலேயே முளைத்தது. மீன் இனப்பெருக்கம், வலையின் மடி, வலைக்கண் அளவு எல்லாம் பேசினோம். அந்தப் பையன் இப்போது இனம் மாற்றிக் கூட்டுவதில், அதாவது ஒன்றுகள் பத்தானால் அதைப் பத்தின் இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டுவதில், தடுமாறுவதில்லை.

சிப்பிக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்புக்குப் பெருக்கலைக் கூறு போட்டுத்தான், சிப்பியைச் சின்னச் சின்னக் குவியலாக வைத்துத்தான், சொல்லிக் கொடுக்கிறேன். கூறுக்கு ஐந்து சிப்பி, நான்கு கூறு, மொத்தம் எத்தனை? அம்மா சூடை மீனையும் நகரை மீனையும் கூறு வைத்து விற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட நேரான வழி உண்டா? பத்துப் பத்தாகக் கட்டப் பனை ஈர்க்கு. கரையில் செத்து ஒதுங்கிய சிப்பியை மட்டும் எடுக்கச் சொல்வேன். பவளத் துண்டைத் தொடக் கூடாது, அது சட்டப்படி குற்றம் என்று அவர்களுக்கே தெரியும். மன்னார் வளைகுடாத் தீவுகளையும் கூட்ட வைத்தேன்: மண்டபம் பக்கம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4, ஆக 21. தமிழ் நேரத்தில் குருசடை, முயல் தீவு, பூமரிச்சான் என்று அந்தப் பெயர்களையே வாசித்து எழுதினார்கள். நோட்டில் குறைவாக இருக்கிறதென்றால், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பயிற்சி நூலையும் புரட்டிப் பாருங்கள். எழுத்து வேலை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

"விளையாட்டு காட்டிச் சம்பளம் வாங்குகிறீர்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. மீன் கூடையைக் கண்டால் எங்கள் ஊர் நிறுத்தத்தில் சில பஸ்கள் நிற்பதே இல்லை. அந்தத் தாய்மார்கள் வெயிலில் நடந்து, பள்ளிக் கூட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து சேர்கிறார்கள். உடனே, மீனவப் பெற்றோருக்குப் பிள்ளை படிப்பில் அக்கறை இல்லை என்று ஒரு பேச்சு. கூடை வாடைக்கு முகம் சுளிக்கிறவர்கள் அதே மீனைத்தானே வீட்டில் குழம்பு வைக்கிறார்கள்? இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் ஒரு நாள் பள்ளிக்குப் போய், ஒரு வாசகத்தைக் கொடுத்து மகனை வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு கூறுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தடுமாறினால் ஆசிரியரிடம் தயங்காமல் காரணம் கேளுங்கள். வேனுக்குப் பணம் கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.