ராத்திரி பத்து மணிக்கு மேல் பையன் எங்கே? வக்கீலிடம் சில கேள்விகள்

கும்பகோணம் பக்கம் சிறார் வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். பதினெட்டு வயது ஆகாதவர்கள் இரவில் வெளியே வர அரசே தடை போடலாமா என்று பேச்சு கிளம்பியதில் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

வலங்கைமான், ஒரு அம்மா: சார், பையன் பதினொன்றாம் வகுப்பு. சாப்பிட்ட கையோடு மதகுக்கட்டைக்குப் போனால் பன்னிரண்டு மணிக்குத்தான் வருகிறான். கவர்மெண்டே சட்டம் போட்டால் நல்லதுதானே?

உங்கள் கவலை புரிகிறது அம்மா. ஆனால் சட்டம் வந்தால் அவனிடம் பேசப்போவது நீங்கள் இல்லை, ரோந்து வருகிற ஏட்டு. சில வருடம் முன்பு ஒரு ஸ்டேஷனில் இரவு பதினொன்றரைக்கு இரண்டு பையன்களைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவன் மடியில் தூக்குவாளி. கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குக் காவல் படுத்திருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவன். ரசம் வழிந்து கால்சட்டையெல்லாம் ஈரம். நான் போய்ப் பேசி வெளியே கூட்டிவரும்போது மணி ஒன்று. தடைச் சட்டம் எதுவும் இல்லாதபோதே இந்தக் கதை.

பாபநாசம், விவசாயி: வயல் வேலைக்கு விலக்கு கொடுத்துவிட்டால் ஆச்சு. எங்களுக்கு மும்முனை கரண்ட் வருவதே நடுராத்திரியில்தான்.

மோட்டார் போடப் போகிறேன் என்பதற்குப் பையன் எந்தச் சீட்டைக் காட்டுவான்? விலக்கு காகிதத்தில் இருக்கும்; ரோட்டில் நிற்கிறவர் அவன் சட்டையைத்தான் பார்ப்பார். இதில் இன்னொன்று: 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைக் கடையிலோ பட்டறையிலோ இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ராத்திரி புரோட்டா கடையில் தட்டு கழுவுகிறவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதலில் அங்கே போய் நிற்கட்டும்.

மயிலாடுதுறை, ஆசிரியர்: ஐஸ்லாந்தில் இந்தத் தடை பலன் கொடுத்ததே?

கொடுத்தது, ஆனால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். அங்கே 12 வயதுவரை இரவு 8 மணி, 13 முதல் 16 வரை 10 மணி, கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். 15, 16 வயதுக்காரர்களில் முந்தைய மாதத்தில் குடித்து போதையேறியதாகச் சொன்னவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். மணி மட்டும் இதைச் செய்யவில்லை. பெற்றோரே கூட்டாகத் தெருவில் நடந்தார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு அரசு பணம் கொடுத்தது. 20 வயது ஆகாதவருக்கு மது கிடையாது. இத்தனையும் சேர்ந்துதான் அந்த 5.

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஊர்கள் போலீஸை மட்டும் நம்பித் தடை போட்டன. 12 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கேம்ப்பெல் அமைப்பின் 2016 மதிப்பாய்வில், குற்றம் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. டெக்ஸாஸ் மாநிலம் 2023-ல், ஊராட்சி நகராட்சிகள் இப்படித் தடை போடவே கூடாது என்று சட்டம் செய்துவிட்டது. பள்ளி நாட்களில் அமெரிக்காவில் சிறார் வன்முறை உச்சத்துக்குப் போவது பள்ளி விட்டதும், மதியம் மூன்று நான்கு மணிக்கு. நம் பள்ளி மைதானங்களுக்கும் நாலரைக்குப் பூட்டு விழுகிறது சார், சாவி உங்களிடம்தான்.

திருவையாறு, பிளஸ் டூ மாணவி: அண்ணா, எனக்கு ஏற்கெனவே ஆறரை மணிக்கு ஊரடங்கு. எந்த அரசு போட்டது?

சிரித்துவிட்டேன் தங்கச்சி, அப்புறம் சிரிப்பு வரவில்லை. 2022-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் விடுதியின் இரவு ஒன்பதரைக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று நீதிபதியே கேட்டார். இருபாலருக்கும் தடை என்று எழுதினாலும், சீக்கிரம் கதவு சாத்தப்படுவது உனக்குத்தான். அண்ணன் தம்பிக்கு வெறும் அதட்டலோடு போகும். இந்தக் காரணம் ஒன்றே போதும், நான் தடைக்கு எதிர்.

கும்பகோணம், மளிகைக்கடை: நடுராத்திரியில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பைக்கில் பறக்கிறார்களே, அதற்கும் தடை வேண்டாமா?

அதற்குப் புதுச் சட்டம் எதற்கு? பதினெட்டு ஆகாதவன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே வந்தாயிற்று. சாவியைக் கொடுத்த மாமாவைத்தான் யாரும் கேட்பதில்லை.

நீடாமங்கலம்: எங்கள் ஊராட்சியில் தீர்மானம் போடலாமா?

போடலாம், செல்லாது. முன்பு 144 என்றோமே, இப்போது பிஎன்எஸ்எஸ் என்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-வது பிரிவு, அந்தத் தடை உத்தரவு நிர்வாக நடுவருடையது. அதுவும் அவசரத்துக்கு, பொதுவாக இரண்டு மாதம்தான். வருடம் முழுக்கப் பிள்ளைகளை அடைக்க அது ஆகாது.

திருவாரூர், ஒரு அப்பா: என் பிள்ளை வெளியே போவதே இல்லை. மூன்று மணிவரை போனில் கேம்.

தென்கொரியா 16 வயதுக்குக் கீழ் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டைத் தடுத்து 2011-ல் சட்டம் போட்டது. பத்து வருடம் வைத்திருந்து எடுத்துவிட்டது. சார்ஜரை உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம், வயது 16: வீட்டில் ஒரே ரூம். ஆறு பேர். மதகில் உட்காருவது குத்தமா சார்?

இல்லை தம்பி. போலீஸ் கேட்டால் பெயர், வீடு, அப்பா நம்பர் சொல். ஓடாதே. லாக்கப்பில் வைக்கச் சிறார் நீதிச் சட்டம் எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சிறாருக்கென ஒரு அதிகாரி இருக்க வேண்டும், அவரைக் கேள். சிக்கல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. அப்புறம், குடித்த தண்ணீர் பாட்டிலை மதகுக்குள் தள்ளாதே. அடைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் என்னிடம்தான் வழக்கு கொண்டுவருவான்.