அடையாள அட்டையும் புளொக்செயினும்

அன்புள்ள அக்கா,

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வேலை தேடி வருகிறவர்களுக்கு அது இன்னொரு தடையாகிவிடும் என்று அஞ்சுகிறீர்கள். நான் மென்பொருள் துறையில் இருப்பவன். உங்கள் அச்சம் எனக்கு விளங்கவில்லை. அரசாங்கத்தின் ஒரே தரவுத்தளத்தில் வைக்காமல், பல கணினிகளில் பிரதியாக இருக்கும் சங்கிலிப் பதிவேடான புளொக்செயினில் வைத்தால் எவராலும் பதிவை அழிக்கவோ திருத்தவோ முடியாது. அவரவர் அடையாளம் அவரவர் போனில் இருக்கும். ஜீ.எஸ். (கிராம சேவகர்) முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஜோர்தானில் அகதி முகாம்களிலேயே இது நடந்திருக்கிறது. பிரஜாவுரிமை இல்லாமல் கிடந்த நம் சனத்துக்குத்தானே இது முதலில் வேண்டும்?

த., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு நன்மையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். இந்த முறையில் கேட்டதை மட்டும் காட்டலாம். பதினெட்டு வயது தாண்டியவர் என்று நிரூபிக்கப் பிறந்த இடத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியதில்லை. யுத்த காலத்தில் இந்த நகரத்தில் அட்டையை நீட்டிய தமிழருக்கு அதன் அருமை தெரியும். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் சோதனைச்சாவடியில் குரல் மாறும், கேள்விகள் நீளும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். நகரத்தில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறந்த ஊரை மறைத்து வைக்க உதவும் எந்தத் தொழில்நுட்பத்தையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதற்கு, சான்று கொடுத்தவர் யார், அது மாற்றப்படவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் போதும், புளொக்செயின் கட்டாயமில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். துவக்கோடு நிற்பவர் "போனைத் திற, எல்லாவற்றையும் காட்டு" என்றால் எந்தக் கணிதமும் கைகொடுக்காது. அவர் அப்படிக் கேட்கக்கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும்.

இனி "அழிக்கவோ திருத்தவோ முடியாது" என்ற இடத்துக்கு வருகிறேன். எனக்கு நெஞ்சு பதறுவது அங்கேதான்.

மலையக மக்களின் பதிவை யாரோ களவாக அழித்ததால் அவர்கள் நாடற்றவர்களாகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களில் மிகப் பலரிடம் அப்படி ஒரு தாள் கிடையாது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு ஒருவாறு முடிந்தது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் V இருந்தால் வாக்குரிமை உண்டு, X இருந்தால் இல்லை. அந்தக் காலத்தில் உங்கள் சங்கிலி இருந்திருந்தால் அந்த X-ஐ மிக விசுவாசமாகக் காத்திருக்கும். ஒரு எழுத்துக்கூடக் கலைந்திருக்காது.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். ஹற்றன் பக்கம் கொழுந்து பறித்தவர், இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சமைக்கிறார். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி. அடையாள அட்டையில் லட்சுமி. தோட்டத்துச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதியதைத் திருப்பி வாசித்தால் லச்சிமி. பிறந்த வருஷமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒவ்வொரு முறையும் லீவு கேட்டு, சம்பளம் வெட்டுப்பட்டு, ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்படுகிறார். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி வாங்கி வா என்பார்கள். வாங்கிப் போனால் இது சிங்களத்தில் இல்லை என்பார்கள். கடைசியாகப் போனபோது பொலித்தீன் பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி, "இவ்வளவும் நான்தான் தொரை" என்றாராம். அவருக்கு வேண்டியது திருத்தம். நீங்கள் கொண்டுவருவது திருத்த முடியாத ஏடு.

பழையதை அழிக்காமல் புதிய பதிவைச் சேர்க்கலாம் என்று பதில் சொல்வீர்கள். சேர்க்கலாம்தான். ஆனால் பழையது எங்கேயோ இருந்துகொண்டே இருக்கும் என்பது சிலருக்கு ஆபத்து. பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொண்டவரின் பழைய பெயர், பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதப்பட்ட பிள்ளையின் பிறப்புப் பதிவு, அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பியவளின் முந்திய முகவரி, இவையெல்லாம் மறக்கப்பட வேண்டியவை. சொந்த விபரங்களைச் சங்கிலியில் போடுவதில்லை, சரிபார்க்கும் குறிகளை மட்டுமே போடுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். நல்ல வடிவமைப்பு அதுதான். அப்படியானால் சங்கிலி காப்பது சான்று கொடுத்தவரின் கையொப்பத்தை. சான்று கொடுப்பவர் யார்? அதே ஜீ.எஸ். தோட்டமென்றால் தோட்டத் துரை. கைகட்டி நிற்கிற இடம் அப்படியே இருக்கிறது, தம்பி. போன் தண்ணீரில் விழுந்து, அதிலிருக்கும் இரகசிய டிஜிட்டல் சாவி தொலைந்தால் மறுபடியும் போய் நிற்பதும் அங்கேதான். ஒரு லயத்து அறையில் ஒரே ஸ்மார்ட் போன், அதுவும் படிக்கிற பிள்ளையின் கையில் என்றால், "அவரவர் அடையாளம்" யாருடையது?

ஜோர்தானைச் சொன்னீர்கள். உலக உணவுத் திட்டம் 2017இல் அஸ்ராக் முகாமில் தொடங்கியது அது. சிரிய அகதி முகாமுக்குள் இருக்கும் சுப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்குகிற அகதி கண்ணைக் கருவியில் காட்டுவார், கணக்கில் கழியும். வங்கிக் கட்டணம் மிச்சமானது, உண்மை. அது நல்லதுதான். ஆனால் சங்கிலி நிறுவனத்தின் கையில், கண் மட்டும் அகதியுடையது. பிள்ளைக்குப் பால் மா வாங்க வந்தவள் கண்ணைக் காட்ட மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வங்காளதேசத்தில் ரோஹிஞ்சா அகதிகளிடம் திரட்டிய விபரங்கள், அவர்கள் எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அந்த மியன்மாருக்கே போய்ச் சேர்ந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021இல் வெளியிட்டது. அங்கே புளொக்செயின் இல்லை. இருந்திருந்தாலும் கொடுக்கும் முடிவை எடுத்தவர்கள் கொடுத்துத்தான் இருப்பார்கள்.

நீங்கள் பூட்டானையும் உதாரணம் காட்டியிருக்கலாம். 2023இல் நாடு முழுவதற்கும் இப்படியொரு அடையாளத்தை அறிமுகப்படுத்தியது அது. அதே பூட்டானில்தான் 1988 கணக்கெடுப்பின்போது தெற்கில் வாழ்ந்த நேபாளி பேசும் மக்களிடம் 1958ஆம் ஆண்டின் வரி ரசீதைக் கேட்டார்கள். காட்ட முடியாதவர்கள் அந்நியர்கள் என்று எழுதப்பட்டார்கள். பின்வந்த வருஷங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நேபாளத்து முகாம்களில் போய் விழுந்தார்கள். முப்பது வருஷம் கழித்து வந்த சங்கிலியில் அவர்களுக்கு இடமில்லை. நம் 1948ஐ அறிந்தவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

இங்கே இப்போது வரப்போவது புளொக்செயினும் அல்ல. பெங்களூரில் உருவான மொசிப் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல், இந்திய உதவியோடு கட்டப்படும் அரசாங்க முறை. விரல், கண், முகம் மூன்றும் பதிவாகும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காமல் போனால் வேறு வழி என்ன என்பதை இப்போதே எழுத்தில் வாங்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிழையான விபரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையை எழுதி வைத்திருக்கிறது. அந்த உரிமையைத் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெற ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஓர் ஆள் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். லெட்சுமி, லட்சுமி, லச்சிமி மூன்றும் ஒரே பெயராக இருக்கலாம் என்று அலுவலருக்கு எடுத்துக்காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்யுங்கள். தமிழ்ப் பெயர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்த் திரும்பும்போது என்னென்னவாகச் சிதறுகிறது என்பது அதில் இருக்க வேண்டும். ஆட்களின் விபரம் எதுவும் வேண்டாம், பெயர்களின் வடிவங்கள் மட்டும் போதும். அவற்றைத் திரட்டித் தருவது என் பொறுப்பு. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் சிலரிடம் இன்றே கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா